‘ஓடு 900’ என்றால் எந்த ஓடு?

கேள்வி: ஆந்திரத்தில் உள்ள நகரியில் வீடு கட்டுகிறோம். கான்கிரீட் கூரை போட்டாயிற்று. திருத்தணி மேஸ்திரி சாமான் பட்டியலில் ‘ஓடு 900, சமையல் மேடைக்குக் கடப்பா பலகை 2’ என்று எழுதியிருக்கிறார். கடைக்காரர் ஓடு என்றதும் ‘பெங்கு’ என்று கூரை ஓட்டுக்கு விலை சொல்கிறார். மொட்டை மாடி 480 சதுர அடி. எதை வாங்குவது?

பதில்: கூரை ஓட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மேஸ்திரி கேட்பது தட்டோடு, அதாவது மொட்டை மாடியில் பதிக்கும் தட்டையான களிமண் ஓடு. பட்டியலில் உள்ள எண்ணிக்கையே அதைச் சொல்லிவிடுகிறது. 9 அங்குலச் சதுரத் தட்டோடு ஒன்று அரை சதுர அடிக்குச் சற்று மேல் பரவும். 480 சதுர அடிக்கு 853 ஓடு வேண்டும். உடைசலுக்கு இருபதில் ஒரு பங்கு சேர்த்தால் கிட்டத்தட்ட 900. கூரையில் அடுக்கும் மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 பிடிக்கும். அந்தக் கணக்கில் 900 ஓடு 640 சதுர அடிக்கு மேல் போகும். உங்கள் மாடியோடு அது பொருந்தவில்லை.

தமிழ்க் கொத்தனார்கள் கூரையில் சரிவாக அடுக்குவதையும் ஓடு என்பார்கள், மாடியில் பதிப்பதையும் ஓடு என்பார்கள். தெலுங்குக் கடையில் பெங்கு என்றால் கூரைதான். ‘ஸ்லாப்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை: அங்கே அது பெரும்பாலும் கான்கிரீட் கூரை, நம் ஆட்கள் வாயில் பரண் பலகையாகவும் இருக்கலாம். ரேக்கு என்றால் ஷீட், பண்ட என்றால் தளக்கல். ஆகவே கடைக்குக் கொடுக்கும் சீட்டில் பெயரை மட்டும் எழுதாமல் ‘மொட்டை மாடியில் பதிக்க, 9க்கு 9 அங்குலம், சமமான களிமண் ஓடு’ என்று எழுதுங்கள். கனத்தை மேஸ்திரியிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது இரண்டு ஓடுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்தது. மொத்தென்று கேட்டால் வேகாதது அல்லது விரிசல் விட்டது. சூளையில் சரியாக வேகாத ஓடு மழை நீரைக் குடித்து, சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிரும். பதிக்கும் முன் ஓட்டைத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லுங்கள்; உலர்ந்த ஓடு கலவையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிடிப்பு நிற்காது. அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம் வடிகுழாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். ஓடு ஒட்டிய பிறகு அந்தச் சரிவைத் திருத்த முடியாது.

கடப்பா பலகை என்பது கறுப்புச் சுண்ணாம்புக் கல். ஏடு ஏடாகப் படிந்த பாறை என்பதால்தான் மெல்லிய பலகையாகப் பிளந்து எடுக்க முடிகிறது, விலையும் குறைவு. அலமாரித் தட்டுக்கு இதைவிட நல்லது தேட வேண்டாம். சமையல் மேடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ சிந்திக் கிடந்தால் பளபளப்பு போய்க் கறை விழும், ஏனென்றால் சுண்ணாம்புக் கல்லைப் புளிப்பு அரிக்கும். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பக்கமே கிரானைட் வெட்டுகிறார்கள். கறுப்புக் கல்லைக் காட்டிக் கிரானைட் என்று யாராவது சொன்னால், துண்டுக் கல் ஒன்றில் எலுமிச்சைச் சாற்றை விட்டு அரைமணி நேரம் கழித்துத் துடையுங்கள். மங்கிய தடம் தெரிந்தால் அது கடப்பா.