14 வருடம் பிள்ளைகள் விளையாடிய திடலுக்கு வேலி: என்ன செய்யலாம்?

கேள்வி: காரைக்குடிக்கு வெளியே 2011-ல் மனை வாங்கி வீடு கட்டினோம். மொத்தம் 5 ஏக்கர், 60 மனை. நடுவில் 35 சென்ட் செம்மண் திடல். ‘குழந்தைகள் விளையாட்டுத் திடல்’ என்று நோட்டீஸில் அச்சடித்துத்தான் விற்றார்கள். வீட்டுக்கு 3,000 ரூபாய் போட்டு ஊஞ்சல், சறுக்கு, இரண்டு சிமென்ட் பெஞ்ச் வைத்தோம். மனை போட்டவர் இறந்துவிட்டார். போன மாதம் அவர் மகன் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி கட்டி, ஊஞ்சலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆறு மனையாக விற்கப் போகிறேன் என்கிறார். கேட்கப் போன என் மாமியாரை மரியாதை இல்லாமல் பேசினார். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். குடியிருப்போர் சங்கம் தயாரித்த மனுவை இணைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்: அம்மா, மாமியாரைப் பேசிய பேச்சு, நோட்டீஸ், நீங்கள் போட்ட காசு, மூன்றையும் ஓரமாக வையுங்கள். கோபம் நியாயமானது, ஆனால் வழக்கு அதில் நிற்காது. நோட்டீஸை வைத்து நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்பார்கள். அங்கே கெடு இரண்டு வருடம். வீடு, மனை விற்பனையை முறைப்படுத்தும் ரெரா சட்டமும் 2017-க்கு முன்பே முடிந்துபோன மனைப்பிரிவுக்கு உதவாது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வரைபடம் இருக்கிறதா, அதில் அந்த 35 சென்ட் என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது? ஊராட்சித் தலைவர் முத்திரை குத்திய வரைபடத்தைக் காட்டியே ‘அப்ரூவ்டு பிளாட்’ என்று விற்ற காலம் அது. அதனால் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் டி.டி.சி.பி. நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். திடலை ஒட்டிய மனைக்காரர்களின் பத்திரத்தையும் வாங்கிப் பாருங்கள். நான்கெல்லையில் ‘பூங்காவுக்கு வடக்கு’ என்று மனை போட்டவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த ஒரு வரி அவர் மகனையும் கட்டும்.

5 ஏக்கர் என்றால் 500 சென்ட். சாலைக்கு ஏறக்குறைய 150 போக மீதி 350. அதில் பத்தில் ஒன்று 35. மனைப்பிரிவில் பூங்கா போன்றவற்றுக்கு விட வேண்டிய திறந்தவெளி ஒதுக்கீட்டின் கணக்கும் அதேதான். ஆகவே ஒப்புதல் வாங்கிய மனைப்பிரிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஊகத்தை வைத்து வழக்குப் போடக் கூடாது, நகல் கையில் வரட்டும். அதில் ‘பூங்கா’ அல்லது ‘விளையாட்டுத் திடல்’ என்று இருந்தால் உங்கள் பக்கம் பலம். ‘பள்ளிக்கான இடம்’, ‘கடைக்கான இடம்’ என்று இருந்தால் நிலைமை வேறு. அப்படி ஒதுக்கியவை பல சமயம் மனை போட்டவருக்கே சொந்தமாக நிற்கும்.

அடுத்து, அந்தச் சர்வே நம்பருக்கு 2009-லிருந்து இன்றுவரை வில்லங்கம் போடுங்கள். திடலையும் சாலைகளையும் ஊராட்சிக்குத் தானமாக எழுதிய பத்திரம் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் முளைக்கிறது: தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் உட்பிரிவு செய்து பட்டா மாற்றியிருக்க மாட்டார்கள். பட்டா பழைய பெயரிலேயே கிடக்கும். அந்தப் பட்டாவை எடுத்துக்கொண்டுதான் வாரிசு விற்க வருகிறார். தானப் பத்திரமே எழுதாமல் விட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒப்புதல் வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தைப் பிறகு மனையாக்க முடியாது என்றே நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1991-ல் உறுதி செய்தது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிக் குடியிருப்பவர்கள்தான்.

மனை போட்டவர் நில உரிமையாளரா, பவர் ஏஜென்டா என்பதையும் கவனியுங்கள். செட்டிநாட்டில் ஒரு புஞ்சைக்குப் பத்துப் பங்காளிகள் இருப்பார்கள். அவர்களிடம் பவர் வாங்கித்தான் பலர் மனை போட்டார்கள். பவர் வாங்கியவர் இறந்தால் பவரும் பொதுவாக அத்தோடு முடிந்தது. மகனுக்கு விற்கும் அதிகாரமே இல்லாமல் இருக்கலாம்.

இனி உங்கள் சங்கத்து மனு. அதன் மூன்றாவது பத்தியில் இப்படி இருக்கிறது: ‘மேற்படி சொத்தை நாங்கள் 14 வருடமாக யாதொரு இடையூறுமின்றி அனுபவித்து வருகிறோம்.’ இதை உடனே அடியுங்கள். மனு எழுதுபவர்கள் வழக்கமாகப் போடும் வரிதான், ஆனால் உங்கள் வழக்கை விழுங்கப் போவதும் இதுதான். இது எதிரிடை அனுபவம், அதாவது அடுத்தவர் நிலத்தை நெடுநாள் வைத்திருந்ததால் உரிமை கேட்பது. அப்படி வாதாடினாலே ‘நிலம் அவருடையது, நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம்’ என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். அவர் அப்பா அனுமதித்துத்தானே விளையாடினார்கள் என்று எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் முடித்துவிடும். வசதியுரிமை (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) கேட்கவும் 20 வருடம் வேண்டும், உங்களிடம் 14தான் இருக்கிறது. ‘இது பொது இடம், யாருக்கும் விற்கும் உரிமை இல்லை’ என்பதுதான் உங்கள் நிலை. ஊஞ்சல் வாங்கிய ரசீது அதற்குத் துணைச் சான்று, அவ்வளவே.

இரண்டாவது குழி சமாதானப் பேச்சு. ‘5 சென்டைப் பூங்காவாக விட்டுவிடுகிறேன், மீதிக்கு ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள்’ என்று வருவார். இடம் பொது இடமானால் விட்டுக்கொடுக்கும் உரிமை சங்கத்துக்குக் கிடையாது. அந்தக் கடிதத்துக்கு ஒரே உபயோகம், நாளை உங்களுக்கு எதிராகக் கோர்ட்டில் தாக்கலாவது. வெள்ளைத் தாளில்கூடக் கையெழுத்து வேண்டாம்.

வேலியை நீங்களே பிடுங்காதீர்கள். இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைச் சாய்த்தால் மறுநாள் குற்றவியல் வழக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேல் வரும். அதை வாபஸ் வாங்குவதற்காகவே திடலை விட்டுக்கொடுக்க நேரிடும். பிடுங்கிப் போட்ட ஊஞ்சலைக் கிடக்கும் இடத்திலேயே படமெடுத்துப் போலீஸில் புகார் கொடுங்கள்.

வரைபட நகல் கிடைத்த அன்றே சார்பதிவாளரிடம் ஆட்சேபனை மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மனை விற்று, வாங்கியவர் வீடு கட்டத் தொடங்கிவிட்டால் எதிராளிகள் ஆறு பேர் ஆகிவிடுவார்கள். மனுவை யாருக்கு எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது உங்கள் பகுதியும் அதில் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தானப் பத்திரம் பழைய ஊராட்சி பெயரில் இருக்கும், இன்றைய பொறுப்பு மாநகராட்சி ஆணையருடையதாக இருக்கலாம். அவர்கள் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுங்கள். சிவில் கோர்ட்டுக்குப் போனால் வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்காதீர்கள். உரிமையே தகராறில் இருக்கும்போது இது பொது இடம் என்று கோர்ட் அறிவிக்க வேண்டும் என்ற விளம்புகைப் பரிகாரமும் சேர்த்துக் கேட்க வேண்டும். உள்ளாட்சியையும் கட்சியாகச் சேருங்கள்.

ஒப்புதலே இல்லை, முத்திரை வரைபடம் மட்டும்தான் என்று தெரிந்தால் நேராகச் சொல்கிறேன்: வழக்கு வேண்டாம், பேசி வாங்குங்கள். பலமான வரைபடம் இல்லாமல் பத்து வருடம் கோர்ட்டுக்கு நடந்தால் பிள்ளைகள் திடலின் வயதைத் தாண்டிவிடுவார்கள். அனுமதியில்லாத மனைப்பிரிவு என்று ஊரெல்லாம் மனு போட்டால் உங்கள் 60 வீடுகளின் வரன்முறையும் (அனுமதியில்லாத மனையைப் பின்னால் முறைப்படுத்துவது) சேர்த்துக் கிளறப்படும். 35 சென்டும் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் 15 சென்டாவது ஒரே துண்டாகக் கேளுங்கள். பவர், பங்காளிகள் கையெழுத்து எல்லாம் சரிபார்த்த பிறகே முன்பணம். கிரயத்தைத் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரில் பதியாதீர்கள், அவர்கள் காலத்துக்குப் பின் வாரிசுகள் பங்கு கேட்பார்கள். சங்கத்தை 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்து சங்கத்தின் பெயரிலேயே வாங்குங்கள். அன்றே பட்டா மாற்ற மனுவும் கொடுத்துவிடுங்கள்.