தண்ணீர் வடிந்ததும் மெயினைப் போடாதீர்கள்

சிறுதொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அடையாற்றுக்குப் பக்கத்தில் சிறிய மெஷின் ஷாப் நடத்துகிறேன். மழைக்காலத்துக்கு முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்? வாசலில் மணல் மூட்டை அடுக்கினால் போதுமா?
– வாசகர், ஈக்காட்டுத்தாங்கல்

பதில்: மணல் மூட்டை கடைசி வேலை. முதல் வேலை, உயரம் பார்ப்பது. 2015 டிசம்பரில் உங்கள் கட்டடத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விசாரித்து, சுவரில் அந்த மட்டத்துக்குப் பெயின்டால் கோடு போடுங்கள். மெயின் போர்டும் ஸ்டார்ட்டரும் கம்ப்ரஸரும் அந்தக் கோட்டுக்கு ஓரடி மேலே இருக்க வேண்டும். மீட்டரையும் சர்வீஸ் ஒயரையும் நீங்களாக இடம் மாற்றக் கூடாது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, ஆவணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கோடு ஆள் உயரத்தைத் தாண்டினால், எதை எதைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோவது என்று இப்போதே பட்டியல் எழுதுங்கள். சிஎன்சி (கணினியால் இயங்கும் மெஷின்) இருந்தால் அதன் பாராமீட்டர் (செட்டிங்) முழுவதையும் பென்டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள். கன்ட்ரோலரை மாற்றினாலும் இது இல்லாமல் மெஷின் ஓடாது.

உங்கள் தெருவில் பெய்யும் மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். அடையாற்றுக்குச் செம்பரம்பாக்கத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. ஏரியின் முழு ஆழம் 24 அடி. 2015இல் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஏரி நீர்மட்டம் தினமும் வெளியாகிறது. அது 22 அடியைத் தாண்டியிருக்கும்போது ரெட் அலர்ட்டும் வந்தால் அன்றைக்கே உற்பத்தியை நிறுத்திப் பொருளை மேலே ஏற்றுங்கள்.

மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும். முட்ட நிரப்பினால் படியாது, இடுக்கில் தண்ணீர் புகுந்துவிடும். செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, வெளிப்பக்கம் தார்ப்பாய் விரியுங்கள். அப்படியும் கழிவறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வரும். வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு போட்டால்தான் அது நிற்கும். வெளியே தண்ணீர் மூன்றடியைத் தாண்டினால் உள்ளே விடாமல் தடுக்க முயலாதீர்கள். ஒருபக்க அழுத்தத்தில் சுவரே சரிந்துவிடும். காலி எண்ணெய் பேரல்களையும் சிலிண்டர்களையும் சங்கிலியால் கட்டுங்கள். தரையடித் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி வையுங்கள். காலியாக இருந்தால் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கும். கார்பைடு டப்பா ஒன்றுகூடத் தரைமட்டத்தில் இருக்கக் கூடாது. நனைந்தால் அசிட்டிலீன் வாயு வரும், ஒரு தீப்பொறி போதும்.

கேள்வி: நான்கு நாள் மூழ்கிக் கிடந்த 5 ஹெச்.பி. மோட்டார்களை வெயிலில் காயவைத்து ஓட்டலாமா? எல்லாவற்றையும் ரிவைண்டிங் (கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது) செய்யச் சொல்கிறார்கள்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: வெயிலில் வைத்து ஓட்டினால் அன்றே எரியும். அதற்காக எல்லாவற்றையும் ரிவைண்டிங் செய்யவும் தேவையில்லை. பல மோட்டார்களைக் காப்பாற்றிவிடலாம்.

மோட்டாரைப் பிரித்து, சுழலும் பாகமான ரோட்டரை வெளியே எடுங்கள். சுழலாத பாகமான ஸ்டேட்டரின் வைண்டிங்கை (கம்பிச் சுருளை) நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தயங்க வேண்டாம். சேறும் உப்பும் உள்ளே தங்கினால், காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசிவை உண்டாக்கும். பிறகு ஓவனில் 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள். எடுத்த எடுப்பில் சூட்டை ஏற்றினால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி இன்சுலேஷனை வெடிக்க வைக்கும். அதனால் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

நடுவில், இன்சுலேஷனின் மின்தடையைக் காட்டும் 500 வோல்ட் மெக்கரால் அளந்து பாருங்கள். சூடேறும்போது அளவு முதலில் இறங்கும். இங்கேதான் பலர் பயந்துபோய் ரிவைண்டிங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் ஏறத் தொடங்கி, பிறகு ஒரே இடத்தில் நிற்கும். அப்போது ஆறவிட்டு அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் சப்ளை கொடுக்கவே கூடாது. 5 மெகாஓமைத் தாண்டினால் நம்பி வார்னிஷ் போட்டு மீண்டும் சுடலாம். பேரிங்கை மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள், சீல் போட்டதாக இருந்தாலும் சரி. மூழ்கிய எம்சிபி (தானாக டிரிப் ஆகும் ஸ்விட்ச்), கான்டாக்டர், கெபாசிட்டர், டிரைவ் போர்டு எல்லாம் புதிதாகவே வாங்க வேண்டும். வெளியே காய்ந்ததுபோல் தெரியும் எம்சிபி, ஷார்ட் ஆகும் நேரத்தில் டிரிப் ஆகாமல் போனால் உயிர் போகும்.

லேத்தின் ‘பெட்’ எனும் அடிப்பாகத்தையும் ஸ்லைடுகளையும் அதே நாளில் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துத் துருத்தடுப்பு எண்ணெய் பூசுங்கள். ஹெட்ஸ்டாக் (கியர் இருக்கும் தலைப்பகுதி) எண்ணெயை வடித்துவிட்டுத்தான் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: டீசல் ஜெனரேட்டரில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றினால் தண்ணீர் வெளியே வரும். டீசல் டாங்கின் அடியிலும் தண்ணீர் தங்கும், வடித்துவிடுங்கள். எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, இன்னொரு முறை மாற்றுங்கள். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மேலே சொன்ன மெக்கர் சோதனை உண்டு. வாடகை ஜெனரேட்டர் எடுத்தால் கட்டடத்துக்கு வெளியேதான் ஓட வேண்டும். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: காப்பீட்டு சர்வேயர் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்கிறார்களே?
– வாசகர், கிண்டி

பதில்: பாதி சரி. தூக்கிப் போடக் கூடாது, விற்கக் கூடாது. ஆனால் சேதம் கூடாமல் பார்ப்பது உங்கள் கடமை. கழுவி எண்ணெய் பூசலாம். அதற்கு முன் தண்ணீர்க் கோடு, மெஷின் நம்பர் பிளேட், சரக்கு அடுக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தகவல் கொடுங்கள். கழற்றிப்போட்ட பாகங்களையும் பில்களையும் பத்திரப்படுத்துங்கள்.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போடுவதுதான் பெரிய இழப்பு. 40 லட்சம் மதிப்புள்ளதை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 10 லட்சம் சேதத்துக்குச் சுமார் 5 லட்சம்தான் கிடைக்கும். 2021 ஏப்ரலில் சிறுதொழில்களுக்காக வந்த பாரத் சூக்ஷ்ம, லகு உத்யம் சுரக்ஷா பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதற்கு மேல் போனால் இதே கணக்குதான். இன்னொன்று: அழிந்த சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) திருப்பிச் செலுத்த வேண்டும். கிளெய்ம் போடும்போதே ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

கேள்வி: கணக்குப் புத்தகங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பிரிக்காதீர்கள், கிழியும். பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ்கிரீம் ஃப்ரீசரிலோ மீன் குளிர்பதனக் கிடங்கிலோ உறைய வையுங்கள். பூஞ்சை பிடிக்காது. வசதிப்பட்டபோது சில புத்தகங்களாக எடுத்து, விசிறிக் காற்றில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.