அம்மா ஜூலுவில் என்ன சொன்னார்?

கேள்வி: எனக்கு 51 வயது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். அண்ணன் கேப்டவுனில் இருக்கிறார். அம்மாவுக்கு 79 வயது. டர்பன் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டில் பல வருடங்கள் காய்கறி விற்றவர். இப்போது சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பழைய வீட்டில் தங்கையோடு இருக்கிறார். கணையத்தில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மாவிடம் "வயிற்றில் புண்" என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு இடங்களை விசாரித்தோம். ஒன்று, தொண்டு நிறுவனமாக நடக்கும் ஹாஸ்பிஸ் (கடைசிக் காலப் பராமரிப்பு நிலையம்). கட்டடமும் வண்டியும் பழையவை. வாரம் இரண்டு முறை சிஸ்டர் வீட்டுக்கு வருவாராம். முடிந்ததைக் கொடுத்தால் போதுமாம். மற்றது தனியார் நிறுவனம். அதன் மேலாளர் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். 24 மணி நேரமும் ஆள் இருப்பார், சைவச் சமையல் தெரிந்தவராகப் பார்த்துத் தருவார்கள், தினமும் கைப்பேசியில் படம் அனுப்புவார்கள். அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் அவர் அறைக்குள் போகவில்லை. முதல் இடத்திலிருந்து வந்த சிஸ்டரோ எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் அரை மணி நேரம் ஜூலு மொழியில் பேசிக்கொண்டிருந்தார். எங்களில் யாருக்கும் ஜூலு சரியாக வராது. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "அம்மா சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்" என்றார். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. 1ஆம் தேதியிலிருந்து தனியார் நிறுவனத்தையே வைத்துக்கொள்வதாக இருக்கிறோம். ஒரு ஹாஸ்பிஸின் தரத்தை எப்படி மதிப்பிடுவது? வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, தரம் எப்படி இருக்கும் என்று நீங்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததைக் குற்றம் என்று எழுதி, அதற்காகவே அந்த இடத்தைத் தள்ளியும் விட்டீர்கள்.

நோய் தெரிந்த நாளிலிருந்து உங்கள் அம்மாவோடு தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று வேறு யாராவது கேட்டார்களா? நீங்கள் கேட்டீர்களா? மேலாளர் சொன்னது எல்லாம் கடிதத்தில் வரிசையாக இருக்கிறது. வண்டி பழையது என்பது இருக்கிறது. அம்மாவுக்கு வலி இருக்கிறதா இல்லையா என்பதைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. கணையப் புற்றுநோய் வயிற்றின் மேல்பகுதியில் தொடங்கி முதுகுவரை துளைத்துக்கொண்டு போகிற வலியைத் தரக்கூடியது. படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். அம்மா இரவில் எழுந்து கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று தங்கையிடம் இன்றே கேளுங்கள். அந்த சிஸ்டருக்கு இதற்கான பதில் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

நம் வீட்டு அம்மாக்கள் பிள்ளைகள் முன்னால் வலியைச் சொல்ல மாட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று மகன் போனில் கேட்டால், "எனக்கென்ன, நீ சாப்பிட்டாயா?" என்பார்கள். மூன்று பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி நின்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். இது தெரிந்த சிஸ்டர் குடும்பத்தை வெளியே அனுப்புகிறார். அதைச் செய்ய அவருக்குப் பயிற்சியும் வேண்டும், துணிச்சலும் வேண்டும். முகம் சுளிக்கும் பிள்ளைகள் நாளை தன்னை வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று தெரிந்தேதான் அவர் அதைச் செய்கிறார். நீங்களும் அப்படியே சொல்லிவிட்டீர்கள்.

ஜூலுவுக்கு வருகிறேன். உங்களுக்கு அது உறுத்தியிருக்கிறது. ஏன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த சிஸ்டர் ஆங்கிலத்தில் பேசியிருந்தால், அல்லது அவர் நம்மவராக இருந்திருந்தால், இதே கோபம் வந்திருக்குமா? அம்மா மார்க்கெட்டில் வாடிக்கையாளர்களோடு தினமும் பேசிய மொழி அது. அந்த மொழியில் விற்ற கத்தரிக்காயும் பச்சை மிளகாயும்தான் உங்களைப் படிக்க வைத்து ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்பின. கதவுக்கு வெளியே பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். அவர்களுக்குப் புரியாத மொழியில் பேச ஒரு ஆள் கிடைத்தார், பேசினார். அந்த மொழியைத் தேர்ந்தெடுத்தது உங்கள் அம்மாவாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

"அவரே சொல்வார்" என்ற பதிலும் மரியாதைக் குறைவு அல்ல. தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி நோயாளி சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளை என்றாலும் வெளியார்தான். அதே சட்டம், நோயாளியின் நிலையை அவருக்கே விளக்க வேண்டும், முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. அவருடைய நலனுக்கே எதிராகப் போகும் என்றால் மட்டும் விலக்கு உண்டு. "வயிற்றில் புண்" என்பதை அம்மா நம்புகிறார் என்று நினைக்கிறீர்களா? உடம்பு வற்றிக்கொண்டே போகிறது, பிள்ளைகள் விமானம் ஏறி வந்து வந்து போகிறார்கள், வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். தராசு பிடித்து வாழ்ந்தவருக்கு இது புரியாதா? அவர் தன் சாவைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார். நீங்கள் அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும், எந்த நகை யாருக்கு, எந்தக் கோயிலுக்கு வைத்த வேண்டுதல் பாக்கி என்பதையெல்லாம் சொல்லி முடிக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

நல்ல ஹாஸ்பிஸ் உங்களை மீறி ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடாது. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அந்த அளவுக்குப் போகும். ஆனால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லாது. இரண்டு இடத்திலும் இதைக் கேட்டுப் பாருங்கள்: "நான் செத்துப்போகப் போகிறேனா என்று அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?" "குடும்பம் என்ன சொல்லச் சொல்கிறதோ அதைச் சொல்வோம்" என்று யார் சொன்னாலும் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மேலாளர் அறைக்குள் போகவில்லை என்பதை அவருடைய நாகரிகமாக எழுதியிருக்கிறீர்கள். நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், சாப்பாடு, ஆள், படம், தொகை எல்லாம் முடிவாகிவிட்டது. அவர் உங்களுக்கும் அண்ணனுக்கும்தான் பராமரிப்பு விற்றார். தினம் வரும் அந்தப் படம் யாருக்காக? அம்மாவின் தலை வாரி, பொட்டு வைத்து, போர்வையைச் சரிசெய்து எடுத்து அனுப்புவார்கள். அதில் வலி தெரியாது.

தனியார் என்றால் மோசம், தொண்டு என்றால் நல்லது என்று நான் சொல்லவில்லை. 2016இல் கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிதிமேனி என்ற தனியார் மனநல நிலையத்திலிருந்து மனநோயாளிகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். 144 பேர் இறந்தார்கள். அந்த 27 நிறுவனங்களின் உரிமமும் செல்லாதவை என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் பின்னர் கண்டறிந்தார். அதனால் காகிதங்களையும் பாருங்கள். பாலியேட்டிவ் (நோயைக் குணப்படுத்த முடியாதபோது வலியையும் அவதியையும் தணிக்கும்) பராமரிப்பு மையங்களின் தேசியச் சங்கத்தில் உறுப்பினரா, மருத்துவ நிறுவனங்களின் தரத்தைச் சோதிக்கும் கோசாசா அமைப்பின் தரச்சான்று வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வருகிற சிஸ்டரின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். இது ஒரு காலை வேலை. இதில் தேறாதவர்களை விலக்கிவிடலாம், அவ்வளவுதான்.

அதற்கு மேல், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்தின் விஷயத்தை வைத்துத்தான் நான் ஓர் இடத்தை எடைபோடுவேன். "24 மணி நேரமும் ஆள்" என்று சொன்னார்களே, அந்த ஆள் யார்? பதிவு பெற்ற நர்ஸா, உதவிப் பராமரிப்பாளரா? பராமரிப்பாளர் என்றால் அவரை மேற்பார்வை பார்க்கும் நர்ஸ் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? மார்ஃபின் எழுதிக்கொடுக்கும் மருத்துவர் அவர்களிடம் இருக்கிறாரா? மார்ஃபின் நம் நாட்டில் ஆறாம் அட்டவணை மருந்து. ஒரே சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்க முடியாது, ஒவ்வொரு தடவையும் புதிய சீட்டு வேண்டும். நீண்ட விடுமுறை வாரக்கடைசியில் பாட்டில் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். ஏனென்றால் அவர்கள் புதன்கிழமையே எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

மார்ஃபின் சிரப்பின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். ஆகவே வலி வரும்வரை காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி கிளம்பினால் கொடுக்கத் தனி அளவு எழுதியிருக்க வேண்டும். அதோடு பெரும்பாலும் மலச்சிக்கல் வரும். மார்ஃபினோடு சேர்த்து மலமிளக்கியும் எழுதாத இடம் எனக்கு நம்பிக்கை தராது. அம்மா வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது என்று வந்தவுடன் கேட்கும் சிஸ்டர் தொழில் தெரிந்தவர். சரியான அளவில் கொடுத்தால் மார்ஃபின் ஆளை அடிமையாக்காது, உயிரையும் முன்கூட்டி எடுக்காது. உங்கள் அண்ணன் அந்தப் பயத்தைப் பேசினால், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இரவு இருந்துவிட்டுப் பிறகு பேசச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு இரண்டு இடத்தின் அவசர எண்ணையும் அழைத்துப் பாருங்கள். அம்மாவின் பெயரைச் சொன்னால் விவரம் தெரிந்த நர்ஸ் பேசுகிறாரா, பதிவுசெய்த குரலா என்பது தெரிந்துவிடும். ஆக்ஸிஜன் கருவி வந்தால், மின்சாரம் போகும்போது மாற்று சிலிண்டர் உண்டா என்று கேளுங்கள். அம்மாவின் அறையில் சாமி விளக்கும் கற்பூரமும் இருந்தால், ஆக்ஸிஜன் வருவதற்கு முன்னால் அவற்றை வேறு அறைக்கு மாற்றச் சொல்வது அவர்கள் கடமை. சொல்கிறார்களா பாருங்கள். கடைசியாக, உயிர் நள்ளிரவில் பிரிந்தால் யார் வந்து மரணத்தை உறுதிசெய்து டிஎச்ஏ 1663 என்ற மரண அறிவிப்புப் படிவத்தை நிரப்புவார்? மறுநாளே தகனம் செய்ய நினைக்கும் குடும்பம் நம்முடையது. அந்தப் படிவம் இல்லாமல் எதுவும் நகராது. இதை முன்கூட்டியே பேசாத இடம், அந்த இரவில் உங்கள் தங்கையை போலீஸுக்கு போன் செய்ய விட்டுவிடும்.

தங்கை. உங்கள் கடிதத்தில் அவருக்கு வந்தது ஒரே ஒரு சொல். "தங்கையோடு இருக்கிறார்" என்றால், அவர்தான் துடைக்கிறார், கழுவுகிறார், ஊட்டுகிறார், இரவு முழுவதும் விழித்திருக்கிறார் என்று பொருள். முடிவெடுப்பது மட்டும் ஜோகன்னஸ்பர்க்கும் கேப்டவுனும். எந்த இடம் வேண்டும் என்று அவரிடம் கேட்டீர்களா? பணம் அனுப்பிவிட்டால் மகன் கடமை முடிந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். கொள்ளி வைக்க உரிமை கேட்கும் பிள்ளைகளுக்கு, மலம் துடைக்கும் பொறுப்பும் உண்டு. நல்ல ஹாஸ்பிஸ் நோயாளியைப் பார்ப்பதைப் போலவே பார்த்துக்கொள்கிறவரையும் பார்க்கும். எப்போது தூங்கினாய் என்று தங்கையிடம் கேட்கும், அம்மா போன பிறகும் அவரைத் தேடி வரும். அந்த வேலை காரியம் முடிந்த பிறகும் பல மாதங்கள் நடக்கும். தனியார் நிறுவனத்திடம் இதற்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

1ஆம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தொண்டு ஹாஸ்பிஸை அழையுங்கள், அதே சிஸ்டரை அனுப்பச் சொல்லுங்கள். அவர் வரும்போது, சொல்லாமலே நீங்களாக எழுந்து அறையை விட்டு வெளியே போங்கள். என்ன பேசினீர்கள் என்று அவரிடமும் கேட்காதீர்கள், அம்மாவிடமும் கேட்காதீர்கள். அவர்களுடைய வருகை வாரம் இரண்டு முறைதான், அது போதாது என்பது உண்மை. இரவுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும் என்றால், யாரை வைக்கலாம் என்று அந்த ஹாஸ்பிஸிடமே கேளுங்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி வேலை செய்கிறவராக இருக்கட்டும். தனியாருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் அவருக்குச் சம்பளம் கொடுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் இரண்டு வாரம் நீங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருங்கள், அடுத்த இரண்டு வாரம் அண்ணன் வரட்டும். தங்கை அந்த நாட்களில் வேறு வீட்டில் போய்த் தூங்கட்டும்.