எறக்குன எம்பி4 வீடியோவ டிவிடில எழுதுனா பிளேயர் ஏன் “நோ டிஸ்க்” காட்டுது?

நானும் இதே தப்பத்தான் பண்ணேன். சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துல எங்க பெரியம்மா இருக்காங்க, பழைய லயத்து வீடு, வைஃபை கிடையாது, ஆனா டிவிடி பிளேயர் ஒண்ணு இருக்கு, ரிமோட்ட பிளாஸ்டிக் பையில போட்டு ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருப்பாங்க. மாரியம்மன் திருவிழாவ தம்பி ஹேண்ட்போன்ல எடுத்து நெட்ல ஏத்தியிருந்தான், அத எறக்கி அப்படியே டிஸ்க்ல எழுதி கொண்டுபோய் போட்டேன், கர்ருனு ரெண்டு சுத்து சுத்திட்டு நோ டிஸ்க். “ஏன்டா, வெறுந்தட்ட வாங்கிட்டு வந்தியா”னு பெரியம்மா கேட்டாங்க.

எம்பி4அ காப்பி பண்ணா அது டேட்டா டிஸ்க்தான். பழைய பிளேயருக்கு வேண்டியது எம்பெக்-2 வீடியோ, சத்தம் ஏசி3 மாதிரி, 48 கிலோஹெர்ட்ஸ்ல. நெட்ல எறக்குறது பெரும்பாலும் எச்.264 வீடியோ, ஏஏசி சத்தம். அதோட டிஸ்க்ல வீடியோ_டிஎஸ்னு ஒரு ஃபோல்டரும் உள்ள விஓபி, ஐஎஃப்ஓ ஃபைலுங்களும் இருக்கணும். ஆக கன்வர்ட் பண்றது ஒரு வேல, ஆத்தரிங் (அந்த ஃபோல்டரையும் ஃபைலுங்களையும் கட்டுறது) வேற வேல. ஹேண்ட்பிரேக்னு ஒரு கன்வர்ட்டர் நல்ல சாமான்தான், ஆனா குடுக்கிறது எம்பி4, எம்கேவி இந்த மாதிரிதான், இதுக்கு ஆகாது.

டிவிடிஸ்டைலர்னு ஒரு ஆத்தரிங் சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், எம்பி4அ இழுத்து போட்டா அதுவே மாத்தி மெனுவும் கட்டி குடுக்கும். முக்கியமா ப்ராஜெக்ட் தொடங்கும்போதே பால் செலக்ட் பண்ணுங்க (பால்மரத்து பால் இல்ல, நம்ம மலேசியாவோட பழைய டிவி சிஸ்டம், 720x576, செகண்டுக்கு 25 ஃபிரேம்). 16:9 போட மறந்தா தேரு தென்ன மரம் மாதிரி நெட்டையா நிக்கும்.

என்னோட ரெண்டாவது டிஸ்க் ஓடுச்சு, ஆனா பத்து நிமிசம் கழிச்சு பாத்தா உறுமிக்காரர் குச்சி ஏற்கனவே எறங்கிருச்சு, சத்தம் அப்புறமா வருது. எவனோ குடுத்த ஃப்ரீ கன்வர்ட்டர்ல மாத்துனதோட பலன் அது. ஹேண்ட்போன் வீடியோல ஃபிரேம் வேகம் ஏறி எறங்கும், அத அந்த கன்வர்ட்டர் கவனிக்கல. அப்புறம் எஃப்எஃப்எம்பெக்ல (கமாண்ட் டைப் பண்ணி வீடியோ மாத்துற இலவச சாஃப்ட்வேர்) டார்கெட்டுக்கு பால்-டிவிடி குடுத்து மாத்துனேன், 25 ஃபிரேமுக்கு ஒரே சீரா வந்துருச்சு, அந்த ஃபைல டிவிடிஸ்டைலர்ல திரும்ப மாத்தாம காப்பினு வச்சேன். போன் 30 ஃபிரேம்ல எடுத்ததால தேரு நகரும்போது லேசா வெட்டும், பெரியம்மா கண்ணுக்கு தெரியல, எனக்கு தெரியுது.

அந்த பால்-டிவிடி செட்டிங் 6 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 6 மெகாபிட்) ஓடும், 4.7 ஜிபி டிஸ்க்ல ஒன்றரை மணி நேரம் புடிக்கும். ரெண்டு மணி நேரம்னா சத்தமும் சேத்து 5க்கு எறக்குங்க. கம்ப்யூட்டர்ல 4.37னு காட்டுனா கடக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்கு போகாதீங்க, அது கணக்கு முறை வேற. எழுதுற ஸ்பீட நான் 4எக்ஸ் வச்சேன்.

மூணாவது டிஸ்க்ல உறுமி கரெக்டா விழுந்துச்சு. பெரியம்மா அத அடுத்த லயத்துக்கு இரவல் குடுத்துட்டாங்க, இன்னும் திரும்பி வரல.