அண்ணா கேட்கும் வலை ஊசி

அன்புள்ள ஐயா,

நான் நிலாவெளியில் இருந்து எழுதுகிறேன். 2004 டிசெம்பர் 26 காலை, கரையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த என் அண்ணாவைக் கடல் கொண்டுபோனது. வலை ஊசியை எடுத்துவரும்படி அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். பிறகு வருகிறேன் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். உடல் கிடைத்தது. முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீரூற்றடியில் செய்யவேண்டிய கிரியைகளையும் செய்தோம். இப்போது சில மாதங்களாக, நனைந்த சட்டையோடு பின்கதவடியில் நின்று, "ஊசி எங்கே?" என்று கனவில் கேட்கிறார். ஆன்மா சாந்தியடையவில்லை, பரிகாரம் செய் என்கிறார்கள் உறவினர்கள். அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. கனவுக்கு அர்த்தம் உண்டா?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அண்ணா வந்து உங்களிடம் எதையோ கேட்கிறாரா என்பது ஒன்று. இந்தக் கனவை நீங்கள் பொருட்படுத்த வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு இல்லை என்றும், இரண்டாவதற்குக் கட்டாயம் வேண்டும் என்றும் சொல்வேன்.

உவர்மலையில் குடியிருந்த காலத்தில், தலையணைக்கு அருகில் கொப்பியும் பென்சிலும் வைத்து, விழித்த கையோடு கனவுகளை எழுதிவந்தேன். ஒருநாள் என் நெருங்கிய நண்பரைக் கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றியிருப்பதாகக் கண்டு நடுங்கி எழுந்து, விடியும் முன்னே தொலைபேசியில் அழைத்தேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுதி வைத்திராவிட்டால் அந்தக் கனவை அன்று மத்தியானத்துக்குள் மறந்திருப்பேன். ஆனால் மகளுக்குப் பெண்குழந்தை பிறக்கும் என்று கண்ட கனவு பலித்ததை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பலித்தவை ஊரின் நினைவில் தங்குகின்றன. பலிக்காதவற்றுக்குக் கொப்பியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் உறக்கநிலை ஒன்று உண்டென்பதை 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைற்மனும் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒரே இரவில் நான்கைந்து தடவை அந்த நிலை வருகிறது. தெளிவான கனவுகளில் பெரும்பாலானவை அப்போதுதான் தோன்றுகின்றன. உணர்ச்சியை ஆளும் மூளைப்பகுதிகள் அந்நேரத்தில் விழிப்பில் இருப்பதைப் போலவோ அதைவிட அதிகமாகவோ இயங்க, சரிபிழை பார்க்கும் மூளையின் முன்பகுதி தளர்ந்துவிடுகிறது. கனவில் இறந்தவர் வந்து பேசும்போது நாம் வியப்படையாததும், விழித்த பிறகும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான்.

அப்படியானால் கனவு வெறும் மூளைச் சலனமா என்று கேட்பீர்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். எந்த முகம், எந்தப் பொருள், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்பதில் நம்முடைய பாரம் எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. வள்ளுவர் கனவுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். "நனவினால் நல்கா தவரைக் கனவினால் காண்டலின் உண்டென் உயிர்" என்று அதில் பேசுகிற பெண், வரப்போவதைக் கனவிடம் கேட்கவில்லை. நேரில் இல்லாதவரைக் காண்பதனால் உயிர் தரித்திருக்கிறாள். கண்ணகியின் கனவு பலித்ததே என்றால், அது காப்பியத்தை முன்கூட்டியே அறிந்த புலவர் அமைத்தது. நம் இரவுகளை அப்படி அமைப்பவர் எவரும் இல்லை.

உங்கள் கனவில் என்னை நிறுத்தி வைத்தது அந்த ஊசிதான். அண்ணா சோறு கேட்கவில்லை, விளக்குக் கேட்கவில்லை. அன்று காலை நீங்கள் கொண்டுபோகாத அதே பொருளைக் கேட்கிறார். உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத பாரம் அது. நீங்கள் ஊசியோடு போயிருந்தால் அந்தக் கரையில் இன்னொரு உடலும் கிடந்திருக்கும், தம்பி. இதை உங்களுக்கு நீங்களே இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கன்னியாவில் நீங்கள் செய்ததில் குறை எதுவும் இல்லை; மனத்துக்கு ஆறுதல் தருமென்றால் மீண்டும் ஒருமுறை போய் வாருங்கள், பயத்தினால் மட்டும் போகவேண்டாம்.

திரும்பத் திரும்ப வரும் துயரக் கனவுகளுக்கு உளநல வைத்தியர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. பகலில், நல்ல வெளிச்சத்தில் இருந்து, அந்தக் கனவை எழுதி, அதன் முடிவை நீங்கள் விரும்புகிறபடி மாற்றி, அந்தப் புதிய முடிவை நாள்தோறும் சில நிமிடங்கள் மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது. பின்கதவைத் திறந்து ஊசியை அவர் கையில் கொடுப்பதாக எழுதுங்கள்; அவர் என்ன சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் உறக்கம் கெட்டுப் பகல் வேலைகள் தடைப்படுமானால், ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவுக்குப் போகத் தயங்கவேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள். அவரும் தன் மகனைக் கனவில் கண்டு, உங்களுக்குச் சொல்லப் பயந்து இருக்கக்கூடும்.

அன்புடன்