சொந்தக் கணினியில் இணைகிறது, இன்னொன்றிலிருந்து "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" வருகிறது

நீங்கள் எழுதிய சர்வர் புரோகிராமோடு அதே கணினியிலிருந்து இணைய முடிகிறது, இன்னொரு கணினியிலிருந்து மட்டும் இணைப்பு மறுக்கப்படுகிறது. பைண்ட் வரியில் (சர்வர் எந்த முகவரியில், எந்த போர்ட்டில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வரி) நீங்கள் கொடுத்திருக்கும் 127.0.0.1-ஐ 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளும்) என்று மாற்றி, சர்வரை மறுபடி ஓட்டுங்கள். 127.0.0.1 அந்தக் கணினிக்குள்ளேயே சுற்றும் முகவரி. வெளியிலிருந்து வரும் இணைப்பு அதை எட்டவே எட்டாது.

மாற்றியதும் நெட்ஸ்டாட்டில் (கணினியின் இணைப்புகளைக் காட்டும் கட்டளை) 0.0.0.0:5000 தெரிகிறதா பாருங்கள்; 5000 என்பது உங்கள் போர்ட் எண். இன்னும் 127.0.0.1:5000 என்றே இருந்தால் பழைய புரோகிராம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளையண்டில், அதாவது சர்வரோடு இணையும் புரோகிராமில், மட்டும் 0.0.0.0 போடாதீர்கள் (புதிதாக எழுதுபவர்கள் இங்கேதான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்). அங்கே சர்வர் கணினியின் ஐபி வேண்டும், வீட்டு வைஃபையில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

வெகுநேரம் காத்திருந்து "டைம்டு அவுட்" வந்தால் அநேகமாக ஃபயர்வால் (இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்பு) தடுக்கிறது. அதை முழுதாக அணைக்காமல் 5000 போர்ட்டை மட்டும் திறந்துவிடுங்கள்.

0.0.0.0 வைத்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள யாரும் உங்கள் சர்வரைத் தொடலாம். பொது வைஃபையில் தயவுசெய்து வேண்டாம்.