அம்மாவுக்குச் சங்கிலி ஏணி வேண்டாம்

ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போய், முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு துகேலா அருவியைக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அருவியின் உச்சிக்கு ஏறும் சென்டினல் வழியை விட்டுவிடுங்கள். பாறையோடு தொங்கும் இரும்புச் சங்கிலி ஏணிகள். குளிரில் கம்பி கையைக் கடிக்கும். எனக்கே கால் நடுங்கியது.

மலையடிவாரத்து ராயல் நேட்டல் பூங்காவில் துகேலா பள்ளத்தாக்குப் பாதையில் கூட்டிப்போங்கள். போகவர சுமார் 14 கிலோமீட்டர். முழுதும் போகத் தேவையில்லை. முதல் பகுதியில் பெரிய ஏற்றமில்லை, அருவி விழும் ஆம்பிதியேட்டர் மலைச்சுவர் கண்ணெதிரே நிற்கும்.

ஆனால் ஜூலை வறண்ட மாதம்: 948 மீட்டர் அருவி நூலாகத்தான் தெரியும், சில நாள் உறைந்தே கிடக்கும். தண்ணீர் பார்க்கத்தான் ஆசையென்றால் மார்ச்சுக்குத் தள்ளுங்கள். அப்போது பிற்பகல் இடிமழைக்கு முன் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் பபூன் குரங்குகள் கண்ணில் காட்டாதீர்கள்.